பாஸ் எண்டு எழுதின காது: வன்னிப் பெடியன் ஒருத்தனைப் பற்றின நிகழ்வு ஆய்வு

அண்டைக்கு நான் அந்த ஒழுங்கையால போனது பக்கத்து வீட்டுப் பச்சைப்பிள்ளைக்கு நிறை பாக்க. ஒட்டுசுட்டானில இருந்து உள்ளுக்கு இறங்கிற கிறவல் ரோட்டு, 2022 கார்த்திகை, ராவு முழுக்க மழை பெய்து காலமை வெளிச்சிருந்தது. ஸ்கூட்டிய வேலியோட விட்டிட்டு நடக்கேக்க இந்தப் பெடியன் முத்தத்தில எனக்கு முதுகு காட்டி இருந்து சிரட்டையால ஈரமண் அள்ளிக்கொண்டிருந்தவன், ரெண்டு வயசும் நாலு மாசமும். பேர் சொல்லிக் கூப்பிட்டன், உடன திரும்பினான். திண்ணையில இருந்த அம்மம்மா "பாத்தியே பிள்ளை, காது நல்லாத்தான் கேக்குது, இவள் தாய்க்காறிதான் சும்மா பயந்து சாகிறாள்" எண்டா. எனக்கும் அந்த நேரம் நிம்மதியாத்தான் இருந்தது. ரெண்டடி வைச்ச பிறகுதான் கீழ பாத்தன், வெயில் என்ர முதுகுப் பக்கம், என்ர நிழல் நீளமாப் போய் அவன்ர சிரட்டைக்கு மேல விழுந்து கிடக்கு.

அவன் திரும்பவும் மண்ணுக்குள்ள குனிஞ்சிட்டான். நான் சத்தமில்லாமல் பின்பக்கமா வேப்பமர நிழலுக்குள்ள ஒதுங்கி நிண்டு கூப்பிட்டன். திரும்பேல்ல. கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டன், திரும்பேல்ல. மூண்டாம் தரம் கூப்பிடேக்க குசினிக்குள்ள இருந்து தமக்கை "என்ன மிஸ்?" எண்டு எட்டிப் பாக்கிறாள், அவன் மண்ணை நிரப்பிக் கவிட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

நான் குடும்பநல உத்தியோகத்தரா, அதாவது மிட்வைஃபா, 20 வருசத்துக்குக் கிட்ட வன்னியில வேலை செய்யிறனான், இந்தக் குடும்பம் என்ர பிரிவுக்குள்ளதான். தாயிட்ட கேட்டுத்தான் இதை எழுதுறன், அதாலதான் ஊரும் பேரும் போடேல்ல, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியும் எழுதேல்ல, அது தேவையும் இல்லை. ஏன் எழுதுறன் எண்டா இவன்ர சுகாதார விருத்திப் பதிவேட்டில காது கேக்கிறதைப் பற்றின கேள்விகளுக்கு நேர "ஆம்" எண்டு இருக்கிற எழுத்து என்ர எழுத்து.

தாய்க்கு அப்ப 27 வயசு. மூத்தது பொம்பிளப்பிள்ளை, அவளுக்கு ரெண்டரை வயசாகேக்க இது வயித்தில. தகப்பன் முத்தையன்கட்டுத் தண்ணியில வயல் செய்யிறவர், சொந்தத்துக்குள்ள முடிச்ச கலியாணம் இல்லை, ரெண்டு பக்கத்திலயும் பிறவியில காது கேக்காத ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்லை. கர்ப்பத்தில பிள்ளையைப் பாதிக்கிற ருபெல்லாவுக்கான ஊசி கலியாணம் முடிச்ச உடன நான்தான் அனுப்பிப் போடுவிச்சனான், கார்ட் இருக்கு. கர்ப்பத்தில எடுத்த விடிஆர்எல்லும், அதாவது சிபிலிஸ் எண்ட பால்வினை நோய்க்குப் பாக்கிற ரத்த டெஸ்டும், பிழையில்லை.

2020 தை மாசக் கடைசி, 14 கிழமைக் கர்ப்பம், தாய்க்குக் காய்ச்சல். டெங்கு காலம், எல்லாரும் டெங்குவுக்குத்தான் பயந்தது, ரெண்டு நாள் வார்டில வைச்சு ரத்தம் பாத்து டெங்கு இல்லை எண்டு துண்டு வெட்டி விட்டிட்டினம். வைரஸ் காய்ச்சல், பனடோல் போட்டு ரெஸ்ட் எடுங்கோ எண்டினமாம். அதுக்குப் பிறகும் ஒரு கிழமை உடம்பு அலுப்பு, கழுத்தில ரெண்டு நெறி கட்டி இருந்தது, தொண்டை நோ, மேலில ஒரு தடிப்பும் இல்லை. கர்ப்பவதிப் பதிவேட்டில இது எல்லாம் ஒரே வரிதான்: காய்ச்சல் 5 நாள், டெங்கு நெகடிவ். அந்த வரியை யாரும் பேந்து திரும்பிப் பாக்கேல்ல, நானும் தான்.

யூலையில பிள்ளை பிறந்தது, 38 கிழமை, ஆனா நிறை 2.1 கிலோ. தலைச் சுத்தளவும் வளர்ச்சி அட்டையில கீழ்க்கோட்டோட ஒட்டித்தான். பிறந்த அண்டைக்கே நெஞ்சிலயும் வயித்திலயும் ஊசியால குத்தின மாதிரி சின்னச் சிவப்புப் புள்ளியள், ரத்தத் தட்டணு குறைவு, மூண்டாம் நாள் மஞ்சள். கிருமி ஏறியிருக்கலாம் எண்டு 5 நாள் அன்டிபயோட்டிக் குடுத்தவை, புள்ளி மறைஞ்சிட்டுது, மஞ்சளும் லைற்றில வைக்க இறங்கிட்டுது, பிள்ளை பால் குடிக்கத் தொடங்கிட்டான். துண்டு வெட்டுறதுக்கு முதல் காதுக்குள்ள ஒரு சின்ன மொட்டு வைச்சு ஓஏஈ டெஸ்ட் செய்து ரெண்டு காதுக்கும் பாஸ் எண்டு எழுதிக் குடுத்தவை. அந்தப் பாஸ் பொய் இல்லை. அண்டைக்கு அந்தக் காது உண்மையிலயே கேட்டிருக்கும்.

இந்த இடத்தில கொஞ்சம் விளக்கமாச் சொல்ல வேணும், ஏனெண்டா எங்கட ஆக்கள் கனபேர் (சுகாதாரத்தில வேலை செய்யிற நாங்களும் தான்) பிறந்த உடன பாத்த டெஸ்டை ஆயுசுக்கும் குடுத்த சான்றிதழ் மாதிரி வைச்சிருக்கிறம். ஓஏஈ எண்டது உள்காதில, நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட பகுதிக்குள்ள இருக்கிற மயிர்க்கலங்கள் சத்தத்துக்கு மறுமொழியா அனுப்பிற மெல்லிய எதிரொலியைப் பிடிக்கிற டெஸ்ட். அண்டைக்கு அந்தக் கலங்கள் வேலை செய்தா பாஸ். கர்ப்பத்தில தொற்றின சில வைரஸ் பிள்ளை பிறந்த பிறகும் உள்காதுக்குள்ள கிடந்து மாசக்கணக்கா, சிலபேருக்கு வருசக்கணக்கா மெல்ல மெல்ல அரிக்கும். ஒரு காது முதல் போகும், மற்றது பேந்து இறங்கும், இடையில கொஞ்சம் ஏறி இறங்கவும் செய்யும். இப்பிடிச் செய்யிறதில முதல் ஆள் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமா சிஎம்வி.

ஒன்பதாம் மாசம், 2021 சித்திரை, ஊசிக்கு வந்த தாய் எனக்குச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கு: "மிஸ், முந்தி வாயால கனக்கச் சத்தம் போட்டவன், இப்ப குறைஞ்சிட்டுது." நான் பல்லு முளைக்கிற நேரம் தங்கச்சி, சிணுங்கிக்கொண்டு இருப்பினம், பயப்பிடாதைங்கோ எண்டன். சொல்லிப்போட்டு ஆம் எண்டு எழுதினன். பேபே, தாதா எண்டு மழலை பேசத் தொடங்கின பிள்ளை அதைக் குறைக்கிறது காது கேக்கிறது குறையிறதின்ர அடையாளமா இருக்கலாம் எண்டு நான் படிச்சிருக்கிறன், படிச்சது அண்டைக்குக் கைக்கு வரேல்ல. லைனில 30 தாய்மார் நிண்டவை, கொரோனா, முகமூடி, கதிரை தள்ளித் தள்ளிப் போட்டிருந்தது, இதுகள் காரணம் தான், ஆனா தாய் சொன்னது சரி.

ஒண்டரை வயசில சொல் ஒண்டும் வரேல்ல. அம்மா எண்டது கூட வடிவா இல்லை. வீட்டில சொன்ன பதில் எங்கட ஊரில எல்லா வீட்டிலயும் சொல்லுற பதில்தான், ஆம்பிளப்பிள்ளை பிந்தித்தான் கதைக்கும், தாய்மாமனும் நாலு வயசிலதான் வாய் திறந்தவன். இது எத்தினை பிள்ளையளின்ர எத்தினை வருசத்தைத் திண்டிருக்கும் எண்டு யோசிச்சா எனக்கு வயிறு எரியும்.

அம்மம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேஸ் விளங்காது. 2009 இல மாத்தளன் பக்கம் பங்கருக்கு வெளியில ஷெல் விழுந்து அவவுக்கு வலது காது போட்டுது, இடதும் அரைவாசிதான். அதால அவ ஆரோட கதைச்சாலும் கிட்ட வந்து முகத்துக்கு நேர நிண்டு கத்தித்தான் கதைப்பா. பிள்ளையைப் பகல் முழுக்கப் பாக்கிறது அவதான், தாய் தையல் வேலைக்குப் போறவ. அப்ப இவனுக்கு என்ன நடந்திருக்கு எண்டா, வீட்டில அவனோட ஆகக் கூடக் கதைக்கிற ஆள் ஒரு அடி தூரத்தில, வாய் அசையிறது முழுக்கத் தெரிய, சாதாரணக் கதையை விட எவ்வளவோ உரத்துக் கதைக்கிற ஆள். அந்தச் சத்தத்தில கொஞ்சம் இடது காதுக்குள்ள போயிருக்கு, மிச்சத்தை அவன் வாயைப் பாத்துப் பிடிச்சிருக்கிறான். "வா", "சாப்பிடு", "தா" எண்டா செய்வான். அம்மம்மா அதை வைச்சு அடிச்சுச் சொல்லுவா, என்ர பேரனுக்கு எல்லாம் விளங்கும் எண்டு. அவ பொய் சொல்லேல்ல, அவவுக்குத் தெரிஞ்ச அளவில அது உண்மை. தன்ர காது போனதால பேரன்ர காது போனது அவவுக்குத் தெரியாமலே போச்சு.

இன்னொரு விசயம், தகப்பன்ர ரெண்டு சில்லு உழவு மிசின், லாண்ட்மாஸ்டர். தகப்பன் வயலால வரேக்க மிசின் ஒழுங்கைக்குள்ள திரும்ப முதலே இவன் படலையடிக்கு ஓடுவான். காது கேக்காத பிள்ளை எப்பிடி ஓடும் எண்டு தகப்பன் கேட்டவர், நியாயமான கேள்வி. நான் அடுத்த முறை பின்னேரம் போய் இருந்து பாத்தனான். முத்தத்தில வெறுங்காலோட நிக்கேக்க ஓடுறான், அம்மம்மாவின்ர மடியில கால் நிலத்தில படாமல் இருக்கேக்க மிசின் படலைக்கு வந்து நிண்டும் அசையேல்ல. நிலம் அதிர்ந்து அவன்ர காலுக்குச் செய்தி சொல்லியிருக்கு. கை தட்டிப் பாக்கிறது, சட்டிமூடியைப் போட்டுப் பாக்கிறது, கதவை அடிச்சுப் பாக்கிறது எல்லாத்திலயும் இதே பிழை இருக்கு. காத்து முகத்தில படும், நிலம் அதிரும், நிழல் விழும், பக்கத்தில இருக்கிற பிள்ளை திரும்புறதைப் பாத்து இதுவும் திரும்பும். கேக்காத பிள்ளையள் மற்றப் பிள்ளையளை விட இதுகளைக் கவனமாப் பாக்குங்கள், அதுகளுக்கு உலகம் வாற வழியே அதுதான்.

டெஸ்டுகள்

மாவட்ட ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை கிளினிக்கில முதல் பாத்தது செவிப்பறைக்குப் பின்னால சளி, தண்ணி ஏதும் கட்டியிருக்கோ எண்டு. இல்லை, ரெண்டு பக்கமும் சரி. சளியால வந்த கேக்காமை எண்டா மருந்தோடயோ சின்ன ஒப்பரேசனோடயோ போயிருக்கும், அந்த நம்பிக்கை அண்டைக்குப் போட்டுது. ஓஏஈ திரும்பச் செய்தா ரெண்டு பக்கமும் பெயில். அடுத்தது ஏபிஆர், அதாவது பிள்ளையை நித்திரையாக்கித் தலையில வயர் ஒட்டிக் காதில சத்தம் குடுத்து, காது நரம்பால மூளைத்தண்டுக்கு அலை போகுதோ எண்டு பாக்கிறது. அதுக்கு யாழ்ப்பாணம் போக வேணும்.

மூண்டு தரம் போனவை. காலமை நாலரைக்கு எழும்பி ஓட்டோவில ரோட்டுக்கு வந்து பஸ் பிடிச்சு, மாங்குளம் வந்து ஏ9 இல மற்ற பஸ் மாறி, பிள்ளையை ரா முழுக்க நித்திரை முழிக்க வைச்சுக் கொண்டுபோகச் சொல்லுவினம் டெஸ்டுக்கு நித்திரை வரட்டும் எண்டு, அவன் பஸ்ஸிலயே நல்லா நித்திரை கொண்டிட்டு அங்க போய் முழிச்சுக்கொண்டு விளையாடுவான், சிரப் குடுத்தாலும் சத்தி எடுத்துப்போடுவான். பஸ் காசு கனக்க ஏறியிருந்த நேரம். ரெண்டாம் தரமும் சரிவராமல் திரும்பி வரேக்க தகப்பன் இனிப் போறேல்ல எண்டிட்டார். நான் போய் அவரோட கதைச்சனான், கெஞ்சினனான் எண்டே சொல்லலாம். மூண்டாம் தரம் பஸ்ஸில தாயும் தமக்கையும் மாறி மாறிக் கிச்சுக்கிச்சு மூட்டி அவனை ஒரு கண் மூடவிடாமல் கொண்டுபோய்ச் சேத்தவை. அண்டைக்கு முழு டெஸ்டும் முடிஞ்சது.

வலது காது 90 டெசிபெல் குடுத்தும் அலையே இல்லை. இடதுக்கு 60 டெசிபெல் குடுத்தாத்தான் அலை வந்தது. ஒரு மீற்றர் தூரத்தில சாதாரணமாக் கதைக்கிற கதை 60 டெசிபெல் அளவுதான் வரும் எண்டா இவனுக்கு அது கேட்டும் கேக்காத எல்லை, அம்மம்மா கிட்ட நிண்டு கத்தினது மட்டும் உள்ள போகும். எல்லாம் பொருந்துது.

ஏன் எண்டு தேடினது

பிள்ளைக்குக் கேக்காட்டி கர்ப்பத்தில என்ன நடந்தது எண்டு தேடுறதில ஒரு ஒழுங்கு இருக்கு. பரம்பரை முதல், அது குடும்பத்தில இல்லாட்டியும் வரலாம் எண்டதால முழுசாத் தள்ளேலாது. அன்டிபயோட்டிக்கில சிலது காதைப் பாதிக்கும், பிறந்த உடன 5 நாள் போனது எண்டு ஈஎன்டி டொக்டர் குறிச்சு வைச்சவர், ஆனா மருந்தால போறது அனேகமா ரெண்டு காதிலயும் ஒரே அளவா இருக்கும், இது ஒரு காது முழுசா, மற்றது அரைவாசி. சிபிலிஸ் இல்லை. ருபெல்லா?

ருபெல்லா, எங்கட ஆக்கள் ஜேர்மன் சின்னமுத்து எண்டு சொல்லுறது, கர்ப்பத்தின்ர முதல் 12 கிழமைக்குள்ள தாய்க்கு வந்தா பத்தில எட்டு ஒன்பது பிள்ளையளைப் பாதிக்கக்கூடிய ஒண்டு. கண்ணில வெண்படலம், இருதயத்தில ஓட்டை, காது கேக்காமை. 13இல இருந்து 16 கிழமைக்குள்ள வந்தா காது மட்டும் தனியாப் போறதும் உண்டு, பிள்ளை பாக்க ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். இவன்ர தாய்க்குக் காய்ச்சல் 14 கிழமையில எண்டதால அந்தச் சந்தேகம் வந்தது நியாயம். ஆனா தாய்க்கு ஊசி போட்டிருக்கு, இவன்ர கண்ணும் இருதயமும் சரி, நாட்டிலயும் அந்த நோய் இல்லை. இலங்கையில 1996 இல பிள்ளை பெறுற வயசுப் பொம்பிளையளுக்கு ருபெல்லா ஊசி தொடங்கினது, பேந்து சின்னப் பிள்ளையளுக்கும் வந்து இப்ப 9 மாசத்திலயும் 3 வயசிலயும் எம்எம்ஆர், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூண்டுக்கும் சேத்துப் போடுற ஊசி. இவன் பிறந்த அதே 2020 யூலையில தான் இலங்கையும் மாலைதீவும் சின்னமுத்தையும் ருபெல்லாவையும் ஒழிச்சிட்டுதுகள் எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது, எங்கட தென்கிழக்காசியப் பிராந்தியத்தில முதல் ரெண்டு நாடும் இதுகள்தான். வெயிலுக்க ஐஸ்பெட்டி தூக்கிக்கொண்டு மல்லாவி, துணுக்காய், நெடுங்கேணி எண்டு திரிஞ்ச எங்கட மிட்வைஃப்மாருக்கும் அதில பங்கிருக்கு, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ருபெல்லா பிள்ளையைப் பாதிக்கும் எண்டு முதல் கண்டுபிடிச்ச கதையும் இஞ்ச சொல்ல வேணும். 1941 இல அவுஸ்திரேலியாவில, சிட்னியில, நோர்மன் கிரெக் எண்ட கண் டொக்டரிட்ட கண்ணில வெண்படலத்தோட பிறந்த பச்சைப்பிள்ளையள் வழமையில்லாத அளவுக்கு வரத் தொடங்கினவை. தாய்மார் தாங்கள் கர்ப்பமா இருக்கேக்க ஜேர்மன் சின்னமுத்து வந்தது எண்டு கதைச்சதில இருந்துதான் அவருக்குத் தொடர்பு பிடிபட்டது. அவர் எழுதின பிறகு பிள்ளையளுக்குக் காதும் கேக்குதில்லை எண்டு சொன்னதும் தாய்மார்தான். அந்த வைரசை வேறாக்கிப் பிடிச்சது 1962 இல, ஊசி வந்தது 1969 இல. வைரசைக் கண்ணால காண 20 வருசத்துக்கு முதலே தாய்மாருக்குத் தெரிஞ்சிருக்கு.

மிச்சம் சிஎம்வி. கர்ப்பத்தில பிள்ளைக்குத் தொற்றிற வைரசுகளில உலகத்தில ஆகக் கூட இருக்கிறது இதுதான், 200 பிள்ளை பிறந்தா ஒண்டுக்கு இருக்கும் எண்டு கணக்கு, எங்கட மாதிரி நாடுகளில அதை விடக் கூட. பரம்பரைக் காரணங்களை விட்டா சின்னப்பிள்ளையளின்ர கேக்காமைக்கு முன்னுக்கு நிக்கிற காரணமும் இதுதான். இதோட பிறக்கிற பத்துப் பிள்ளையில ஒண்டு போலத்தான் பிறக்கேக்க அடையாளம் காட்டும். சின்ன நிறை, சின்னத் தலை, சிவப்புப் புள்ளி, தட்டணு குறைவு, மஞ்சள், அதாவது இவனுக்கு இருந்தது அத்தினையும். ஒண்டும் காட்டாத பிள்ளையளிலயும் பத்தில ஒண்டுக்கு மேல பிந்திக் காது பாதிக்கப்படும். தலை ஸ்கான் எடுத்துப் பாத்தா மூளைக்குள்ள நீர் இருக்கிற அறையளின்ர ஓரமா சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளைப் புள்ளியள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினவர், தாய் இவ்வளவு சின்னனோ எண்டு கேட்டவ.

அப்ப சிஎம்வி எண்டு நிரூபிச்சாச்சோ? இல்லை. பிறந்து 21 நாளுக்குள்ள மூத்திரத்திலயோ எச்சிலிலயோ பிசிஆர் செய்து வைரஸ் கண்டாத்தான் வயித்துக்குள்ளயே தொற்றினது எண்டு உறுதி. அதுக்குப் பிறகு கண்டா பிறந்த பிறகு தாய்ப்பாலாலயோ தமக்கையிட்ட இருந்தோ வந்தது எண்டும் இருக்கலாம், பிரிச்சுச் சொல்லேலாது. ரெண்டரை வயசில செய்த மூத்திர டெஸ்ட் பொசிடிவ், ஆனா அதுக்குப் பெறுமதி குறைவு. பிறந்த உடன குதியில குத்தி எடுத்துக் காயவைச்ச ரத்தத்துளி இருந்தா அதிலயும் பாக்கலாம், தேடினம், கிடைக்கேல்ல. அதால கோப்பில டொக்டர் எழுதினது "பெரும்பாலும் பிறவிச் சிஎம்வி" எண்டு, உறுதி எண்டு எழுதேல்ல. நானும் இஞ்ச அப்பிடியேதான் எழுதுறன்.

21 நாள். அந்த நாளுக்குள்ள ஒரு பஞ்சுக்குச்சியை வாய்க்குள்ள வைச்சு எடுத்திருந்தா என்ன மாறியிருக்கும் எண்டு கேப்பியள். அடையாளத்தோட பிறக்கிற பிள்ளைக்கு முதல் மாசத்துக்குள்ள வல்கன்சைக்ளோவிர் எண்ட மருந்து தொடங்கி 6 மாசம் குடுத்தா காது கெட்டுப் போறது ஓரளவு குறையும் எண்டு ஆய்வில கண்டிருக்கினம். லேசான மருந்தில்லை, வெள்ளணு இறங்கும், அடிக்கடி ரத்தம் பாக்க வேணும். இவனுக்கு அது காதைக் காப்பாத்தியிருக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா மருந்தை விடுங்கோ, சிஎம்வி எண்டு தெரிஞ்சிருந்தா அந்தப் பாஸை ஒருத்தரும் முடிவா எடுத்திருக்க மாட்டினம், ஆறு மாசத்துக்கு ஒருக்காக் காது பாத்திருப்பினம், ஒன்பதாம் மாசம் தாய் சொன்ன உடனயே நான் பல்லு எண்டு சொல்லியிருக்க மாட்டன். ரெண்டு வருசம் முன்னுக்குப் போயிருப்பம். மூளை கதையைப் படிக்கிற ஆக முக்கியமான ரெண்டு வருசம்.

மிச்சச்சோறு

ரிசல்ட் வந்த பிறகு நான் வீட்ட போனன். தாய் அழேல்ல. தையல் மிசினுக்கு முன்னால இருந்தவ, நூலைப் பல்லால கடிச்சு அறுத்துப்போட்டுக் கேட்டவ, "மிஸ், இது எனக்கு எங்கால வந்தது?"

இந்த வைரஸ் சின்னப்பிள்ளையளின்ர எச்சிலிலயும் மூத்திரத்திலயும் மாசக்கணக்கா, சிலநேரம் வருசக்கணக்கா வரும், அந்தப் பிள்ளையளுக்கு ஒரு வருத்தமும் தெரியாது. மூண்டு வயசுக்கு உள்பட்ட பிள்ளை வைச்சிருக்கிற கர்ப்பிணிக்குத்தான் ஆபத்துக் கூட. எங்கட வீடுகளில தாய் என்ன செய்வா? பிள்ளைக்குத் தீத்தின சோத்தில மிச்சத்தை தானே சாப்பிடுவா. பிள்ளை கடிச்ச பிஸ்கட்டை வாய்க்குள்ள போடுவா, சூப்பி விழுந்தா தன்ர வாயில வைச்சுத் துடைச்சுக் குடுப்பா. இதுகளை நாங்கள் குறையா நினைக்கிறேல்ல, சோத்தை எறியக்கூடாது எண்டு 2009 ஐக் கண்ட சனத்துக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை, கஞ்சிக்கு லைனில நிண்ட ஆக்கள். இந்தத் தாயும் பதினாறு பதினேழு வயசில செட்டிகுளம் முகாமில சாப்பாட்டுக்கு லைனில நிண்டவ. மூத்தவளின்ர கோப்பையில மிஞ்சினதைத்தான் கர்ப்பம் முழுக்க ராச்சாப்பாடாச் சாப்பிட்டிருக்கிறா, அவவே சொன்னவ, சொல்லிப்போட்டு அப்பத்தான் அழத் தொடங்கினவ.

நான் சொன்னனான், தங்கச்சி, அதாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. இந்த வைரஸ் எங்கட நாட்டில அனேகமாப் பெரிய ஆக்கள் எல்லாருக்கும் சின்னனில வந்து போயிருக்கும், வந்தது உடம்புக்குள்ளயே உறங்கிக் கிடக்கும், கர்ப்பத்தில திரும்ப எழும்பலாம், இல்லாட்டி வேற வகை புதுசா வரலாம், உங்களுக்கு எது நடந்தது எண்டு இனிப் பாக்க வழியில்லை. ஊசி இன்னும் வரேல்ல. கர்ப்பத்தில எத்தினை கிளினிக் வந்தனீங்கள், இரும்புச்சத்துக் குளிசை, பிரசர், சீனி எல்லாம் நான் சொன்னனான், கோப்பையைப் பற்றி ஒரு நாளும் சொல்லேல்ல. சொல்லாதது என்ர பக்கத்துப் பிழை, சாப்பிட்டது உங்கட பிழை இல்லை. இதை நான் அண்டைக்கு மூண்டு நாலு தரம் திருப்பித் திருப்பிச் சொன்னனான், தகப்பனும் கேக்கிற மாதிரி உரத்துச் சொன்னனான், ஏனெண்டா எங்கட ஊரில பிள்ளைக்கு ஒண்டு எண்டா முதல் விரல் தாய்க்குத்தான் நீளும்.

அண்டையில இருந்து என்ர கிளினிக்கில சின்னப்பிள்ளை இருக்கிற கர்ப்பிணியளுக்கு இதைச் சொல்லுறன், பயப்பிடுத்தாமல், ஒரு நிமிசத்தில. பிள்ளையின்ர கோப்பை, கரண்டி, தண்ணிப்போத்தல் வேற, உங்கட வேற. மிச்சத்தைக் கோழிக்குப் போடுங்கோ, இல்லாட்டி மனுசனுக்குக் குடுங்கோ. கொஞ்சேக்க வாயில கொஞ்சாமல் உச்சியில கொஞ்சுங்கோ. மூத்திரத்துணி மாத்தினா, மூக்குத் துடைச்சா, தீத்தினா சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கோ, சவுக்காரத்துக்கு இந்த வைரஸ் நிக்காது. பிள்ளையைத் தூக்காமல் விடச் சொல்லேல்ல, கட்டிப்பிடிக்க வேண்டாம் எண்டும் சொல்லேல்ல.

மிசின் போட்ட பிறகு

2023 வைகாசி, ரெண்டு வயசும் பத்து மாசமும், காதுக்குப் பின்னால கொழுவிற மிசின் ரெண்டு பக்கமும் போட்டினம். வலதுக்குப் பிரயோசனம் குறைவு எண்டு முதலே சொன்னவை, ஒப்பரேசன் செய்து உள்காதுக்குள்ள வைக்கிற கொக்லியர் இம்பிளான்ட் பற்றி அப்பவே கதைச்சவை, அதுக்கு முதல் மிசினோட ஆறு மாசம் பாக்க வேணும். முதல் கிழமை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பிடுங்கி எறிஞ்சான், ஒருக்காக் கிணத்துக்கட்டில இருந்து எடுத்தது. தமக்கைதான் வழி கண்டுபிடிச்சவள், தன்ர தலைமயிர் ரிப்பனில கட்டிச் சட்டைப் பின்பக்கம் ஊசி குத்தி விட்டவள்.

மிசின் போட்டாக் கண்ணாடி போட்ட மாதிரி உடன சரி எண்டு சனம் நினைக்கிறது. அவனுக்கு அது வரைக்கும் கேக்காத சத்தம் எல்லாம் ஒரேயடியா உள்ள வருது, எது காகம், எது அம்மா, எது பக்கத்து வீட்டு பம்ப் எண்டு ஒண்டும் தெரியாது. ஒவ்வொண்டாக் காட்டிக் காட்டிச் சொல்ல வேணும். எங்கட வெக்கைக்கு வேர்வை இறங்கி மிசின் நிண்டுபோகும், கோடையில செம்மண் புழுதி ஒலிவாங்கியின்ர ஓட்டையை அடைக்கும். ரா கழட்டி ஈரம் உறிஞ்சிற மணி போட்ட டப்பாக்குள்ள வைக்க வேணும், பற்றரியில ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைக் கழட்டின உடன அது தீரத் தொடங்கிடும் எண்டதால நாலஞ்சை ஒண்டாக் கழட்டி வைக்கக்கூடாது. பிள்ளை வளர வளரக் காதும் வளரும், காதுக்குள்ள வைக்கிற மோல்ட் இறுக்கம் விட்டுக் கீச்செண்டு கத்தும், புதுசு எடுக்க வேணும். இதுக்கெல்லாம் ஒவ்வொரு தரமும் பயணம். வன்னியில இருக்கிற பிள்ளைக்கு மருத்துவத்தை விடப் பெரிய தடை பஸ் எண்டு நான் சொல்லுவன்.

அம்மம்மாவுக்கு நான் ஒரு வேலை குடுத்தனான். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் அவன்ர இடது பக்கமா, முகம் தெரியாமல், கத்தாமல் கதைக்க வேணும். அவவுக்கு அது எவ்வளவு கஸ்ரம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, தன்ர குரலே தனக்குக் கேக்காது. தாய் போய் முன்னால நிண்டு கையைப் பதிச்சுப் பதிச்சுக் காட்டுவா, குறை, இன்னும் குறை எண்டு. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் வந்த அடுத்த நாள் அம்மம்மா பின்னால இருந்து "மயில்" எண்டு சொல்ல இவன் வேலியைப் பாத்தவன். மயில் அங்க இல்லை. சொல்லைக் கேட்டுத் தேடியிருக்கிறான்.

இப்ப அஞ்சு வயசு தாண்டிட்டுது. ரெண்டு மூண்டு சொல் சேத்துக் கதைப்பான், "அப்பா வயல் போட்டார்", "அக்கா தாறாள் இல்லை". ச, ஸ மாதிரிச் சத்தம் இன்னும் வடிவா வராது, வெளி ஆக்களுக்குப் பாதிதான் விளங்கும். போன வருசம் பாக்கேக்க இடது காது இன்னும் இறங்கி, முந்தி 60 டெசிபெல்லில கேட்டது 75 இலதான் கேட்டது, அதுதான் சிஎம்வி, அதனாலதான் ஆறு மாசத்துக்கு ஒருக்காப் பாக்கிறதை விடேலாது. வலதுக்கு இம்பிளான்ட் செய்யிறதுக்குப் பேர் குடுத்திருக்கு, இன்னும் பிந்த விட்டாப் பலன் குறையும் எண்டு டொக்டரும் சொல்லிப்போட்டார். வாற தையில முதலாம் வகுப்பு. கைதடியில இருக்கிற, காது கேக்காத பிள்ளையள் படிக்கிற நபீல்ட் பாடசாலைக்கு விடுறதோ, ஊர்ப் பள்ளியில முன்வரிசையில இருத்திறதோ எண்டு வீட்டில இன்னும் முடிவெடுக்கேல்ல. தகப்பனுக்கு விடுதியில விட மனமில்லை, தாய்க்கு சைகையும் சேத்துப் படிக்கட்டும் எண்டு விருப்பம், நான் தாயின்ர பக்கம்.

போன கிழமை தாய் கிளினிக்குக்கு வந்தவ, மூண்டாவது, 8 கிழமை. கர்ப்பவதிப் பதிவேட்டை நான் விரிச்சு எழுதத் தொடங்க முதல் பையில இருந்து ஒரு நீலக் கோப்பையை எடுத்துக் காட்டினவ, பெடியனுக்கு எண்டு வேற வாங்கினதாம், அடியில நெயில் பொலிசால அவன்ர பேரின்ர முதல் எழுத்துப் போட்டிருக்கு. மோல்ட் திரும்பவும் கீச்செண்டு கத்துது மிஸ், செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் போறம், வயித்தோட பஸ்ஸில போகலாமோ எண்டு கேட்டவ. போகலாம், முன் சீற்றில இருங்கோ எண்டன்.